எர்த் தேடிப் பிரியாணியில் மாட்டிய கதை

பயிற்சியை நேற்றுதான் முடித்து வந்தவர்களிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அவர்களுக்கு எல்லா விதிகளும் தெரிந்திருக்கும். எந்த விதியை எங்கே விட்டுவிடலாம் என்பது மட்டும் தெரியாது.

ஆயிஷா லாத்தாவின் (அக்காவை எங்கள் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவோம்) நிக்காஹ் அன்று நான் அப்படிப்பட்ட ஆளாகத்தான் இருந்தேன். சென்னையில் லேப்டாப் ரிப்பேர் படித்துவிட்டு, சான்றிதழோடு போர்ட் பிளேரில் வந்து இறங்கியிருந்தேன். என் பையில் எப்போதும் ஒரு கைப்பட்டை இருக்கும். நம் உடம்பில் சேரும் நிலைமின்சாரம் பாய்ந்து சிப்பைக் கொன்றுவிடாமல், அதைப் பூமிக்கு அனுப்புவது அதன் வேலை. பட்டையிலிருந்து ஒரு சுருள் வயர் போகும். அதன் நுனியில் கிளிப். எர்த் உள்ள உலோகம் எதிலாவது அதைக் கவ்வவிட வேண்டும். “உங்க உடம்புல சார்ஜ் இருக்கறது உங்களுக்குத் தெரியாது, சிப்புக்குத் தெரியும்” என்று எங்கள் பயிற்சியாளர் சொன்ன நாளிலிருந்து, டிவி ரிமோட்டுக்கு பேட்டரி மாற்றக்கூட நான் பட்டை கட்டிக்கொண்டிருந்தேன்.

கல்யாணச் சாமான் வாங்க மெயின்லேண்ட் போன வாப்பா, மழையால் விமானம் ரத்தாகிச் சென்னையிலேயே மாட்டிக்கொண்டார். தன் சார்பில் நிக்காஹ் நடத்திக் கொடுக்கும் பொறுப்பைப் பெரிய வாப்பாவிடம் ஒப்படைத்துவிட்டார். ஆனால் லாத்தா ஒரே பிடிவாதம்.

“வாப்பா முகத்தப் பாக்காம நான் சம்மதம் சொல்ல மாட்டேன்.”

போன் சிக்னல் அறுந்து அறுந்து வந்தது. அதனால் நிக்காஹ் நடந்த ஜங்லிகாட் மண்டபத்து இன்டர்நெட் வயரை லேப்டாப்பில் சொருகி, வாப்பாவைப் பெரிய திரையில் காட்டுவதாக ஏற்பாடு. ஏற்பாடு என்னுடையது. நிக்காஹ் ஓதிவைக்கும் ஹஜ்ரத் வந்து உட்கார்ந்த நேரம் பார்த்து லேப்டாப் இருண்டு, பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தது.

“மைமூன், வேற யார்ட்டயாச்சும் லேப்டாப் கேக்கவா?” என்றார் பெரிய வாப்பா.

“எதுக்கு? டாக்டர் வீட்லயே இருக்கும்போது?” என்றேன். (அவர் கேட்டு வாங்கியிருக்கலாம்.)

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நோயைச் சரியாகத்தான் கண்டுபிடித்தேன். அந்தப் பீப், ரேம் போடும் பீப். உப்புக்காற்றில் ரேமின் பற்கள் கறுத்துத் தொடர்பு விட்டுப்போயிருக்கும். ரப்பரால் தேய்த்து மாட்டினால் சரியாகிவிடும். லேப்டாப்பைப் பின்பக்கத் தாழ்வாரத்துக்குக் கொண்டுபோய் மரமேஜையில் வைத்தேன். சார்ஜரை உருவினேன். பேட்டரியைக் கழற்றினேன். மிச்சக் கரண்டும் வடியட்டும் என்று பவர் பட்டனை அழுத்திப் பிடித்தேன். வளையல், மோதிரம் எல்லாம் கழற்றி உம்மாவிடம் கொடுத்தேன். இதுவரை நான் மேதைதான்.

பிறகுதான் என் புடவை ஞாபகம் வந்தது. முழுக்க சிந்தெடிக். நடக்கும் மின்நிலையம். எர்த் வேண்டுமே! மண்டபத்துப் பிளக் பாயின்ட்டில் எர்த் ஓட்டை பேருக்குத்தான் இருந்தது. தண்ணீர்க் குழாய் பிளாஸ்டிக். ஜன்னல் கம்பியில் கனமாகப் பெயின்ட். அப்போது என் கண்ணில் பட்டது, தாழ்வாரத்தை ஒட்டிய ஈர மண்ணில், தம் போட்டு இறக்கி வைத்திருந்த பிரியாணி தேக்ஸா. மாட்டுவண்டிச் சக்கரம் அளவு வாயுள்ள அண்டா. முழு உலோகம். பூமியில் அழுந்த உட்கார்ந்திருந்தது. இதைவிட நல்ல எர்த் அந்தமானிலேயே கிடையாது என்று முடிவுசெய்து, அதன் வளையத்தில் கிளிப்பைக் கடிக்கவிட்டேன். நழுவிவிடக் கூடாதே என்று கிளிப்பின் மேலும், கைப்பட்டையின் மேலும் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றினேன்.

முதல் ரேமைத் தேய்த்து மாட்டினேன். இரண்டாவது கையில் இருந்தது.

எனக்குத் தெரியாமல் தேக்ஸாவின் அந்தப் பக்கம் சமையல்காரர் ஜப்பார் பண்டாரி வந்து நின்று, வளையங்களில் கழி கொடுத்து, தூக்கச் சொல்லித் தன் ஆட்களுக்குக் குரல் கொடுத்தார். “உட்டாவ் பாய்! ஏக், தோ...”

என் இடது கை தானாக எழுந்தது. பின்னாலேயே நானும் எழுந்தேன்.

“ருக்கோ! நிறுத்துங்க!” என்று கத்தினேன். தகரக் கூரையில் அடித்த மழையில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அந்த வயருக்குள் ஒரு ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள். கைதவறி லைவ் கரண்ட் பட்டுவிட்டால் ஆளைக் காப்பாற்ற. தேக்ஸாவிடமிருந்து காப்பாற்ற அதில் ஒன்றும் வைக்கவில்லை. சுருள் நீளும் வரை நீண்டது. அப்புறம் நான் ஓடினேன். ஒரு கையை நீட்டியபடி, பட்டுபோலப் பளபளக்கும் புடவையில், செருப்பில்லாமல், ஆண்கள் பந்தலுக்குள், பிரியாணிக்குப் பின்னால்.

அறுந்து அறுந்து வந்துகொண்டிருந்த போன் சிக்னல் அந்த ஒரு நிமிடம் மட்டும் கண்ணாடி மாதிரி தெளிந்தது. உம்மா கையிலிருந்த போனில், வீடியோ காலில் என்னைப் பார்த்துவிட்ட வாப்பாவின் குரல் பந்தல் முழுக்கக் கேட்டது.

“ஏண்டி, மைமூனுக்கு அவ்வளவு பசியா? ஏதாச்சும் குடுத்துப் பிள்ளைய உக்கார வைங்கடி!”

பந்தலே சிரித்தது. பண்டாரி திரும்பிப் பார்த்துத் தேக்ஸாவைக் கீழே வைத்தார். வெங்காயம் வெட்டும் கத்தியால் டேப்பை அறுத்து என்னை விடுவித்தார். கையிலிருந்த ரேமைக் காணவில்லை. தேட நேரமில்லை. ஓடிப்போய், மாட்டிய ஒற்றை ரேமோடு லேப்டாப்பை மூடி, பேட்டரியைப் போட்டு, உள்ளே கொண்டுபோய் வயரைச் சொருகி ஆன் செய்தேன். ஒரு பீப்பும் இல்லை. திரை முழுக்க வாப்பா. லாத்தா நிமிர்ந்து பார்த்தாள், அழுதாள், சம்மதம் சொன்னாள். எனக்கும் அழுகை வந்தது. (மணிக்கட்டு வலியும் ஒரு காரணம்.)

சாப்பாட்டில்தான் ரேம் கிடைத்தது. மூடிமேல் விரித்திருந்த துணியில் விழுந்து, மூடியைத் திறந்தபோது உள்ளே சரிந்திருக்கிறது. புது மாப்பிள்ளை அதை இரண்டு விரலால் எடுத்துப் பிடித்து என்னிடம் கேட்டார். “பட்டை, கிராம்பு எல்லாம் தெரியுது. இது என்னங்க?”

மழை கொட்டும் ஊரில், காற்றே ஈரத்துணி மாதிரி இருக்கும்போது, உடம்பில் நிலைமின்சாரம் அவ்வளவாகத் தங்காது. ஒருதரம் லேப்டாப்பின் உள் உலோகத்தைத் தொட்டுவிட்டு வேலை செய்திருந்தாலே போதும். இன்று டெலானிபூரில் சொந்தக் கடை வைத்திருக்கிறேன். மேஜையில் முறையான எர்த் இருக்கிறது. நகர்த்த முடியாத எர்த்.

ஆனால் ஜப்பார் பண்டாரி விடுவதாக இல்லை. எந்தக் கல்யாணமானாலும், தேக்ஸாவைத் தூக்குமுன் அதை ஒருமுறை சுற்றி வந்து, “யாரும் கட்டியிருக்கீங்களா?” என்று சத்தமாகக் கேட்பார். “இல்லே!” என்று கூட்டம் பதில் சொன்ன பிறகுதான் கழியில் தோள் கொடுப்பார்கள். போன மாதம் டாலிகஞ்ச் கல்யாணத்தில் மெயின்லேண்டிலிருந்து வந்த ஒரு பெரியவர், இதைப் பயபக்தியோடு பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

“இது உங்க தீவு வழக்கமாம்மா?”

“ஆமாங்க,” என்றேன். “பரம்பரையா வர்றது.”