பதினாலாம் இலக்கப் படம்

தில்லைநாதன் துருவுக்கு வாழ்க்கைப்பட்டு ஆறு மாதம். மகள் வாங்கிக் கொடுத்த கைபேசியில் படம் எடுத்து மெருகேற்றலாம் என்று கண்டுபிடித்த நாளிலிருந்து மனுசனுக்கு வேறு யோசனையில்லை. கட்டுக்கரைப் பக்கம் மீளக் குடியேறிய ஊரில் துருப்பிடித்த, உளுத்துப்போன பொருளுக்கா பஞ்சம்! ஓட்டை வாளி, உடைந்த வண்டிச்சில்லு, கறையான் தின்ற கதவு என்று எல்லாம் வந்து வீட்டுத்திட்ட வீட்டின் முன்னறையில் குடியேறிவிட்டன. நல்ல வெளிச்சம் விழுகிற அறை அது ஒன்றுதான். மனைவி சுபத்திராவின் தையல் மெசின் வெளியில் தறப்பாளைப் போர்த்திக்கொண்டு நின்றது.

"மாரி வரப்போகுது. மெசின் நனைஞ்சு துருப்பிடிக்கப் போகுதப்பா."

"பிடிக்கட்டுமே! ரெண்டு மாரி நனைஞ்சா எப்பிடியொரு ரெக்ஸ்சர் வரும் தெரியுமே உமக்கு?"

கையிலிருந்த உலக்கையை அவள் கீழே வைத்தது அவர் முன்னோர் செய்த புண்ணியம்.

ரெக்ஸ்சர் என்றால் படத்தின் சொரசொரப்பைத் தூக்கிக் காட்டுகிற வித்தை. சுபத்திரா தேங்காய் துருவினாலும் விடமாட்டார், பக்கத்தில் குந்தியிருந்து வகுப்பெடுப்பார்.

"இஞ்ச பாரும். முதலில நிறத்தை முழுக்க எடுக்கவேணும். பிறகு ரெக்ஸ்சரை அந்தம் வரைக்கும் இழுக்கவேணும். கடைசியா நிழலைக் கறுப்பாக்கவேணும். விளங்குதே?"

"விளங்குது, விளங்குது. முதல் உங்கட காலுக்கு இந்த எண்ணெயைப் பூசுங்கோ. பித்தவெடிப்பில மாட்டிப் போர்வையெல்லாம் கிழியுது."

"கலைஞனுக்குக் காலைப் பாக்க எங்க நேரம்?"

அந்த நேரம் பார்த்து மன்னாரில் ஒரு கலை வட்டம் படப் போட்டி வைத்தது. 'ஊரை விட்டுப் போய்த் திரும்பி வந்தவை' என்பது தலைப்பு. தில்லைநாதன் துள்ளிக் குதித்தார். அவரிடம் கிணற்றுக் கப்பி இருந்ததே! சண்டை நேரம் ஊரே சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு ஓட, இவர் கப்பியைக் கழற்றிக்கொண்டு ஓடினவர். தண்ணீரில்லாத இடமெல்லாம் அதைச் சுமந்து திரிந்து திரும்பக் கொண்டுவந்தவர்.

"முதற்பரிசு எனக்குத்தான். பிறகு முன்னறையைப் பற்றி இந்த வீட்டில ஒரு கதையும் இருக்கக்கூடாது!"

சுபத்திரா நிதானமாகக் கேட்டாள். "பரிசு எடுக்கிற ஆளுக்கு முன்னறை. அப்பிடித்தானே?"

"ஓம்."

"சத்தியமா?"

"என்ர கப்பி மேல சத்தியம்!"

போட்டி நாளன்று, மண்டப வாசலில் படுத்திருந்த இரண்டு கழுதைகளை விலத்திக்கொண்டு இருவரும் உள்ளே போனார்கள். படங்களில் பெயர் கிடையாது, இலக்கம் மட்டும். ஏழாம் இலக்கம் கப்பி. அதன் முன் நின்று மீசையை நீவினார். அடடா, துரு செதில் செதிலாக எழும்பி நின்றது.

பிறகு பதினாலாம் இலக்கத்துக்கு வந்தார். கால் நகரவில்லை.

கறுப்பு வெள்ளைப் படம். வெடிப்புக்குள் வெடிப்பு. ஒவ்வொரு கீறலிலும் மண். மூக்கு முட்டக் குனிந்து பார்த்தார். நடுவர் பக்கீர் மாஸ்ரர் பக்கத்தில் வந்தார்.

"ஏழா, பதினாலா எண்டு எனக்கு ஒரே குழப்பம். நீங்க அனுபவக்காரர், சொல்லுங்க பாப்பம்."

ஏழு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் மனுசன் உண்மையாகவே கலைஞன், அதுதான் அவரைக் கெடுத்தது.

"மாஸ்ரர், இது தலைமன்னார்ப் பாலத்து மரம். நாப்பது வருசம் உப்புத்தண்ணி குடிச்ச மரம்! ரெக்ஸ்சரைப் பாருங்கோ. எடுத்தவன் மேதை. இதுக்குக் குடுக்காட்டி நீங்கள் போட்டியே வைக்கக்கூடாது!"

சனம் கூடிவிட்டது. மாஸ்ரர் ஒலிவாங்கியைப் பிடித்தார். "முதற்பரிசு பதினாலாம் இலக்கம்! திருமதி சுபத்திரா தில்லைநாதன்!"

தில்லைநாதன் கதிரையைப் பிடித்துக்கொண்டார். சுபத்திரா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு மேடையேறினாள்.

"இது எந்த மரம் தங்கச்சி?"

"மரமில்லை மாஸ்ரர். எங்கட இவற்ற குதிக்கால். மத்தியானம் கதிரையில காலை நீட்டி நித்திரை கொள்ளேக்க, அவற்ற கைபேசியிலேயே எடுத்தனான். மிச்சமெல்லாம் அவர் சொல்லித் தந்தபடி."

மண்டபம் அதிர்ந்தது. பக்கீர் மாஸ்ரரே சிரித்துக் கண்ணைத் துடைத்தார். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"ஊரை விட்டுப் போய்த் திரும்பி வந்தது எண்டுதானே கேட்டனீங்கள்? எட்டு இடம் நடந்த கால் இது. செருப்பில்லாமல் என்ர பிள்ளையைச் சுமந்துகொண்டு நடந்த கால்."

பிறகு எழுந்த கைதட்டலில் கழுதைகளே எழும்பி நின்றன. எல்லாக் கண்ணும் தன் காலுக்கு வருவதைக் கண்ட தில்லைநாதன் வேட்டியைக் கீழே இழுத்துவிட்டார். வெட்கம் ஒரு பக்கம். பெருமையும் இல்லாமலில்லை.

அடுத்த நாள் காலை வண்டிச்சில்லு வேலிக்குப் போனது, வாளி கோழிக்கூட்டுக்குப் போனது. முன்னறையில் மெசின் கடகடவென்று ஓடியது. தோற்ற மனுசன், இனியாவது ஊர் வாயில் விழாமல் இருப்போம் என்று எண்ணெய்ப் போத்தலைத் தேடி எடுத்துக் காலை நீட்டினார்.

சுபத்திரா பாய்ந்து வந்து போத்தலைப் பறித்தாள்.

"என்ன வேலை செய்யிறியள்? அடுத்த மாதம் யாழ்ப்பாணத்தில மாகாணப் போட்டி. அதுவரைக்கும் உந்தக் காலில ஒரு சொட்டு எண்ணெய் படக்கூடாது!"

"அப்ப போர்வை?"

"கிழியட்டும். தைக்கத்தானே இப்ப அறை இருக்கு."