திங்கட்கிழமை முதுகு

மனித குலம் நாற்காலியைக் கண்டுபிடித்தது உட்காருவதற்காக என்று நினைப்பவர்கள் பாமரர்கள். பழியைத் தூக்கிப் போடுவதற்காகத்தான். இந்தப் பேருண்மையை 2005இல் பெங்களூரின் ஒரு மென்பொருள் கம்பெனி ஐயம்திரிபற நிரூபித்தது.

அங்கே கணக்குப் பிரிவு மேலாளர் எத்திராஜ். அல்சூர்வாசி, ஐம்பதைத் தாண்டியவர். கொஞ்ச காலமாக 'அந்த விஷயத்தில்' தளர்ச்சி. டாக்டரிடம் போக வெட்கப்பட்டு, தெரிந்தவர் யாரும் எட்டிப்பார்க்காத ஒரு மருந்துக்கடையில் தானே கேட்டு மாத்திரை வாங்கினார். ஞாயிறுதோறும் மாத்திரை தன் கடமையைச் செவ்வனே ஆற்றியது. திங்கள்தோறும், யாரும் கேட்காத உபரிச் சேவையாக, இடுப்பையும் தொடையையும் பிடித்துக்கொண்டது.

வாராவாரம் அவர் கோணிக்கொண்டு நடப்பதைப் பார்த்த மனிதவள அதிகாரி பார்கவி காரணம் கேட்டார். எத்திராஜ் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"சேர் சரியில்ல மேடம்."

உடனே 'முதுகெலும்பு நல்வாழ்வுக் குழு' உதயமாயிற்று. வெளிநாட்டு நாற்காலி வந்தது. வலி அதிலும் உட்கார்ந்துகொண்டது. புதன்கிழமைக்குள் போய்விடும் வலி திங்களன்று திரும்புகிறது என்பதை வரைபடம் போட்டுக் கண்டறிந்த குழு, கோளாறு வீட்டில்தான் என ஒருமனதாகத் தீர்மானித்து, கட்டிலைப் பார்வையிட அல்சூருக்கே புறப்பட்டு வந்தது.

எத்திராஜின் மனைவி வேதநாயகி காபி கொடுத்தாள். குழுவினர் முறைவைத்து மெத்தையை அழுத்திப் பார்த்தார்கள். சார் ஞாயிற்றுக்கிழமைகளில் உடம்பை வருத்தி ஏதாவது செய்கிறாரா என்று பார்கவி மிகுந்த அக்கறையோடு விசாரித்தார். வேதநாயகி கணவனைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தார்.

அவர்கள் படியிறங்கியதும் எத்திராஜ் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். மறுநாளே அவள் டாக்டரிடம் இழுத்துப் போனாள். டாக்டர் சிரிக்கவில்லை. அந்த மாத்திரைக்கு இப்படி வலிப்பதுண்டு, ஓரிரு நாளில் தானே விட்டுவிடும், வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள் என்றார். நெஞ்சுவலிக்கு மருந்து ஏதும் சாப்பிடவில்லையே என்று உறுதி செய்துகொண்டு, பிரஷர் பார்த்து, மாத்திரையின் அளவைக் குறைத்தார். கேட்காமல் விழுங்கியதற்கு மட்டும் கடிந்துகொண்டார்.

ஆட்டோவில் திரும்பும்போது எத்திராஜுக்குப் பெரிய நிம்மதி. குழுவைப் புகழத் தொடங்கினார். என்ன அக்கறை, என்ன திறந்த மனம், ஒரு மனிதனின் முதுகைப் பற்றி எவ்வளவு கூச்சமில்லாமல் விவாதித்தார்கள்!

வேதநாயகி அல்சூர் ஏரிப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆபீஸே கூடி உங்க முதுகப் பத்திப் பேசிச்சு. பக்கத்துல படுத்திருந்த என்கிட்ட பேசறதுக்கு மட்டும் உங்களுக்கு எங்க வலிச்சுது?"