சுவருக்குப் பெரட்டு எடுத்த லெபா அண்ணே

உலகத்தில் உள்ள கோபத்தில் பாதியைத் தன் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு ஈப்போ முழுக்கச் சுற்றியவர் லெபா அண்ணே. மீதிப் பாதியை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். இதை எழுதும்போதுகூடப் பேனா தாளைக் கிழிக்கிறது. வயசு என்று நினைத்துவிடாதீர்கள், கோபம்தான்.

லெபா என்றால் மலாயில் தேனீ. அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. கேட்டால் அதற்கும் ஒரு கோபம் வரும். துண்டாடி விற்கப்பட்ட ஒரு ரப்பர் தோட்டத்தில் மிச்சமிருந்த லயத்தில், பழைய தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில், தனியாகக் குடியிருந்தார். சுவருக்குள் கூடு கட்டிய தேனீக்களை ஒரு செங்கல்லைக்கூட அசைக்காமல் வெளியே கொண்டுவருவது அவர் தொழில். தேனீக்களிடம் பேசும்போது மட்டும் குரல் குழையும். மனிதர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.

எழுபதுகளின் கடைசியில் நான் ஈப்போ சிலிபினில் ஒரு வரிசை வீட்டில் வாடகைக்கு இருந்தேன். கல்யாணமாகி முதல் வருஷம். மனைவி சரோஜாவுக்கு எட்டாம் மாதம். படுக்கையறைச் சுவரிலிருந்து 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் கேட்க ஆரம்பித்தது. சரோஜாதான் என்னைப் பற்றி ஏதோ முணுமுணுக்கிறாள் என்று ஒரு வாரம் பயந்துகொண்டே இருந்தேன். பிறகு அவளே சொன்னாள், "நான் பேசினா இவ்ளோ மெதுவாவா பேசுவேன்? போய்ச் செவுத்தப் பாருங்க."

வெளிப்பக்கம் போய்ப் பார்த்தேன். சுவர் வெடிப்பில் தேனீக்கள், பசார் வாசல் போலப் போவதும் வருவதுமாக இருந்தன.

வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற தோட்டத்துக் கிராணி, கணக்கர். நூறு பேருக்கு வேலை பிரித்துக் கொடுத்தே பழகியவர். வந்து பார்த்துவிட்டு ஒரே வரியில் தீர்ப்புச் சொன்னார்.

"செவுரு என்னுது, பூச்சி ஒன்னுது. மாசக் கடைசிக்குள்ள ஓட்டு. இல்லாட்டி செவுத்த ஒடைச்சு எடுப்பேன். வீட்டக் காலி பண்ணிடு."

நிறைமாதப் பெண்ணை வைத்துக்கொண்டு எங்கே போவது? சித்தியவானில் மாமியார் வீடு இருந்தது. அங்கே ஏற்கெனவே ஒன்பது பேர், ஒரு கழிப்பறை. சரோஜா தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்: "எம்பிள்ள இந்த வீட்டுக்குத்தான் வரும். நீங்க என்ன செய்வீங்களோ செய்யுங்க."

நான் வீரன். பக்கத்து வீட்டார் பேச்சைக் கேட்டு ஒரு டின் மண்ணெண்ணெய் வாங்கி வந்தேன். சரோஜா அதற்குள் காய்கறிக்காரர் மூலம் லெபா அண்ணேக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். நான் டின் மூடியைத் திறக்கிறேன், பின்னால் சைக்கிள் மணி.

"என்னாது அது?"

"மண்ணெண்ணெய் அண்ணே."

"குடிக்கவா?"

"இல்லண்ணே, ஓட்டையில ஊத்தலாம்னு..."

"ஊத்து. நல்லா ஊத்து. உள்ள அம்புட்டும் செத்து அழுகும். தேன் உருகிச் செவுத்துல வழியும். எறும்பு வரும், புழு வரும், பின்னாலயே உன் மாமியா வரும். யாரு கழுவுறது? நீயா கழுவுவ?"

டின்னைப் பிடுங்கித் தூர வைத்தார். அடுத்த ஒரு மணி நேரம் வாயால் என்னையும் கையால் சுவரையும் கவனித்தார். உள்ளே வெளியே இருந்த எல்லா வெடிப்பையும் களிமண்ணால் அடைத்தார். தேனீ போய்வரும் ஓட்டையை மட்டும் விட்டு, அதன் மேல் கொசுவலைக் கம்பியில் செய்த ஒரு புனலைப் பொருத்தினார். அகன்ற வாய் சுவர்ப் பக்கம், கூர் முனை வெளிப்பக்கம். முனையில் ஒரு தேனீ நுழையத்தான் இடம். வெளியே வந்தது திரும்பிப் போக வழி தெரியாமல் புனலின் அடியிலேயே சுற்றும். பக்கத்திலேயே ஒரு மரப்பெட்டி, அதற்குள் குஞ்சுப்புழுக்கள் உள்ள ஒரு துண்டு தேனடை. வீடு இழந்ததெல்லாம் வாசனை பிடித்துப் பெட்டிக்குக் குடிபோகும்.

"எத்தன நாளாகும் அண்ணே?"

"சீக்கிரம் பெத்துக் குடுன்னு உன் பொண்டாட்டிய அவசரப்படுத்துவியா?"

"இல்லண்ணே."

"அப்ப இதையும் அவசரப்படுத்திக் காச்சோ பண்ணாத லா!"

மறுநாள் விடிந்ததும் வந்துவிட்டார். தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்க வரிசையில் நிறுத்துவார்களே, பெரட்டு, அதைத் தேனீக்களுக்கு எடுத்தார். சுவருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, "வாங்கம்மா... ஒவ்வொண்ணா வாங்க... தள்ளாதீங்க" என்று கொஞ்சுவார். நான் பல் துலக்க வெளியே வந்தால் குரல் மாறும். "இந்நேரத்துக்குத்தான் எந்திரிக்கிறியா? அதுங்க நாலு நடை போய்ட்டு வந்துருச்சு!" சொந்த வீட்டில், சொந்தப் பல்லைத் துலக்க, தினமும் ஒரு மனிதனிடம் திட்டு வாங்கினேன். லோரி கம்பெனியில் என் மேலாளர் திட்டும்போது எனக்குத் தூக்கமே வந்தது, அவ்வளவு தாழ்ந்த தரம்.

இருபது நாளில் முனகல் பாதியாகக் குறைந்தது. அப்போதுதான் நான் என் திறமையைக் காட்டினேன்.

வெள்ளிக்கிழமை. பிரசவம் நல்லபடி நடக்க முருகன் படம் ஒன்றை மாட்டச் சொன்னாள் சரோஜா. வீட்டில் அத்தனை சுவர் இருக்க, படுக்கையிலிருந்து பார்த்தால் தெரிகிறது என்று அந்தச் சுவரிலேயே மூன்றங்குல ஆணியை அடித்தேன். காரை பொலபொலவென்று உதிர்ந்து ஆணி உள்ளே போய் விழுந்தது. பக்தி முற்றி, படத்தை அந்த ஓட்டைக்குக் கீழே சாய்த்து வைத்து, சாம்பிராணிக் கரண்டியை நேரே நீட்டி ஊதினேன்.

புகை உள்ளே போயிற்று. தேனீக்கள் வெளியே வந்தன. முருகனைத் தொடவில்லை. என்னைத் தேர்ந்தெடுத்தன.

சரோஜாவைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு நின்றேன். லெபா அண்ணே வந்தபோது விரல் வீங்கிப் பிசாங், வாழைப்பழம், போல இருந்தது. ஒரு கண் மூடியிருந்தது.

"எவன்டா ஆணி அடிச்சது?"

"நாந்தாண்ணே... முருகனுக்கு."

"முருகன் கேட்டாரா? உன்கிட்ட வந்து கேட்டாரா? இருவது நாள் வேலைய ஒரே ஆணியில முடிச்சிட்டியே, பாவி! புது வாசல் தொறந்து விட்டுருக்க! இனி அதுங்க ஏன் புனல் பக்கம் போவும்?"

களிமண்ணை அப்பி ஓட்டையை மூடினார். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அது திட்டைவிடக் கேவலமாக இருந்தது.

மாசக் கடைசி வந்தது. கிராணியார் சம்மட்டியோடு ஒரு கொத்தனாரைக் கூட்டிவந்தார். நான் கெஞ்சினேன். ஒரு வாரம் கேட்டேன். மனிதர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "ஒடைப்பா" என்றார் கொத்தனாரிடம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை என்ன செய்திருப்பேன் தெரியுமா? ஒன்றும் செய்திருக்க மாட்டேன். வாசல்படியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற சரோஜாவைத்தான் பார்த்தேன்.

குந்தியிருந்த லெபா அண்ணே எழுந்தார். கொத்தனார் கையிலிருந்த சம்மட்டியை வாங்கிக் கிராணியாரிடம் நீட்டினார்.

"மொத அடி நீங்க அடிங்க, கிராணியாரே. அதுக்கு முன்ன செவுத்துல காத வச்சுக் கேளுங்க."

கிராணியார் கௌரவத்துக்காகக் காதை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார்.

"இன்னும் ராணி உள்ளதான் இருக்கு. ஒடைச்சா அம்புட்டும் உங்க மேலதான் வரும். தோட்டத்துல இருபது வருசம் எங்கள பெரட்டுல நில்லுன்னீங்க, நின்னோம். மழையில நின்னோம், காய்ச்சல்ல நின்னோம். இப்ப நான் சொல்றேன். நில்லுங்க. ஒரு வாரம்."

அவர் குரல் அன்று உயரவே இல்லை. கிராணியார் சம்மட்டியைத் தொடவில்லை. "ஒரு வாரந்தான்" என்று யாரையோ மிரட்டுவது போலச் சொல்லிவிட்டுப் போனார்.

ஐந்தாம் நாள் காலை ராணி புனல் முனையில் தலையை நீட்டியது. மற்றதைவிட நீளமான உடம்பு. லெபா அண்ணே பெட்டியை ஒரு விரல் அளவு கிட்டே நகர்த்தினார். அது பெட்டிக்குள் போனதும் என் பிடரியில் ஒரு அடி அடித்தார். அது சந்தோஷம் என்று பிறகு புரிந்துகொண்டேன். புனலைக் கழற்றினார். பெட்டித் தேனீக்களே பழைய வீட்டுக்குள் புகுந்து மிச்சத் தேனையெல்லாம் சுமந்து வந்தன. சுவர் காய்ந்ததும் சிமெண்டு பூசினார். வந்து பார்த்த கிராணியாருக்குக் குறை சொல்ல ஒரு கீறல்கூடக் கிடைக்கவில்லை. சரோஜா ஆஸ்பத்திரியிலிருந்து மகளோடு அந்த வீட்டுக்கே வந்தாள்.

அன்று மாலை, தேனீக்கள் அடைந்த பிறகு, பெட்டியை எடுத்துப்போக வந்தார். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை.

"பிள்ள அழுவுதா?"

"அழுவுதுண்ணே."

"நல்லா அழட்டும். உன்கிட்ட வளரணும்ல."

பெட்டி குலுங்கக்கூடாது என்று சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே நடந்தார். நாற்பது நாளாக அவருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய வசவுகளை மனசுக்குள் வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். இன்றைக்கு விடுவதில்லை என்று, பெட்டியைப் பின்னால் பிடித்துக்கொண்டு நானும் நடந்தேன். நான் பெட்டியைப் பிடித்த விதம் தப்பு, நடந்த விதம் தப்பு, போட்டிருந்த சிலிப்பர் தப்பு என்று தோட்டம் வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தார்.

நான் வாயே திறக்கவில்லை. லயம் இன்னும் கொஞ்சம் தூரத்தில் இருக்கக்கூடாதா என்று மட்டும் நினைத்துக்கொண்டு, மெதுவாக நடந்தேன்.