சுவர்தான் கோணல்

பொம்மைக் கார் அலமாரிப் பலகையின் வலது மூலையிலிருந்து தானாகவே கிளம்பி, இடது மூலை வரை நிதானமாக ஓடி, தரையில் விழுந்தது.

"அப்பா, இன்னொரு தடவை," என்றாள் மகள். சாவி கொடுக்காமலே ஓடும் காரை அவள் அதுவரை பார்த்ததில்லை.

"கொஞ்சம் சும்மா இரு," என்றார் அப்பா. கையில் ட்ரில் மெஷின், காதில் பென்சில், தலைமுடியில் சுண்ணாம்பு. வேலைக்காரர் வேஷத்துக்கு வேண்டியதெல்லாம் இருந்தது, வேலையைத் தவிர.

அவர் டின் டப்பா செய்யும் தொழிற்சாலையில் தர ஆய்வாளர். அதாவது, மற்றவர்கள் செய்ததை எடுத்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, 'நிராகரிக்கப்பட்டது' என்று அச்சடித்த சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டுவதற்குச் சம்பளம் வாங்குகிறவர். பள்ளிக்கூட நாளில் செய்த காகிதக் கப்பலுக்குப் பிறகு சொந்தக் கையால் அவர் எதையும் செய்ததில்லை. அந்தக் கப்பலும் மூழ்கிவிட்டதாகத்தான் கேள்வி.

மனைவி வாசலில் வந்து நின்றாள். நிறைமாத வயிறு அவளுக்கு முன்னால் வந்து நின்றது.

"பலகை சாஞ்சிருக்கு போல," என்றாள்.

"பலகை நேராத்தான் இருக்கு."

"கார் ஓடுதே."

அவர் ரசமட்டத்தை எடுத்துப் பலகைமேல் வைத்தார். உள்ளே இருந்த குமிழி ஒரு மூலைக்கு ஓடிப்போய் அங்கேயே ஒண்டிக்கொண்டது. அதை வெகுநேரம் முறைத்துப் பார்த்தார். குமிழி அசைந்து கொடுக்கவில்லை.

"சுவர்தான் கோணல்," என்று தீர்ப்புச் சொன்னார். "கட்டினவன் சரியில்லை." சட்டைப் பையிலிருந்து சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றை உரித்துச் சுவரில் ஒட்டினார். மகளுக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், ஸ்டிக்கர் சுருளையே வாங்கிக்கொண்டாள்.

தட்டுமுட்டுச் சாமான் போட்டு வைத்திருந்த அந்தச் சின்ன அறையைப் பிறக்கப்போகும் குழந்தைக்குத் தயார் செய்கிறார். ஆளைக் கூப்பிட்டால் முடிந்துபோகும் காரியம். கூப்பிட மாட்டார். காரணம், சகலை.

மனைவியின் அக்கா வீட்டுக்காரர் இருக்கிறாரே, அவர் எதைச் செய்தாலும் சொந்தக் கையால் செய்கிறவர். செருப்பு வைக்கிற தட்டு, சாப்பாட்டு மேசை, எல்லாம் அவர் கைவண்ணம். விருந்துக்குப் போனால் இலை போடுவதற்கு முன்னால் மேசையை விரல் முட்டியால் தட்டுவார். "நானே செஞ்சது சகலை. தட்டிப் பாருங்க." தட்டித்தான் ஆகவேண்டும், இல்லையென்றால் சோறு வராது. தர ஆய்வாளர் பல முறை யாருக்கும் தெரியாமல் மேசைக்கு அடியில் கைவிட்டுத் தடவிக் குறை தேடியிருக்கிறார். மூலைக்கு மூலை உருண்டையாக அடித்திருந்த ஒரு மரமுளைதான் கையில் பட்டது. அதுவும் வழுவழுவென்று இருந்து தொலைத்தது.

அதுகூடப் பரவாயில்லை. மூத்தவள் பிறந்தபோது இவர் வெளியூரில் யாரோ செய்த மூடிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தார். திரும்பி வந்து பார்த்தால், குழந்தை சகலை வீட்டில், சகலை செய்த தொட்டிலில் படுத்திருக்கிறது. "பெரியப்பா தொட்டில்ல எப்படி தூங்குறா பாருங்க" என்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். அன்றைக்கு அவர் மனசு நொந்துபோனார். இந்தக் குழந்தையாவது ஆஸ்பத்திரியிலிருந்து நேராகத் தன் வீட்டுக்கு, தான் தயார் செய்த அறைக்கு வரவேண்டும் என்று ஆசைப்பட்டார். அந்த ஆசையைக் கேலி செய்ய எனக்கே மனம் வரவில்லை. அவர் அதற்குச் செய்த வேலையைத்தான் சொல்கிறேன்.

"ரூம் ரெடியாயிட்டா நேரா இங்க வர்றேன்," என்று மனைவி சொல்லியிருந்தாள். "ஆகலேன்னா அக்கா வீட்டுக்குத்தான். பச்சைப் பிள்ளையைச் சுண்ணாம்புல படுக்கவைக்க முடியாது." சொல்லிவிட்டு, ஃபிரிட்ஜ் கதவில் காந்த வில்லைக்கு அடியில் ஒரு சின்னச் சீட்டைச் செருகினாள். தச்சர் என்று போட்டு ஒரு ஃபோன் நம்பர்.

"இது எதுக்கு?" என்று அப்போதே கேட்டார்.

"யாரோ குடுத்தாங்க. சும்மா இருக்கட்டும்."

அந்தச் சீட்டின்மேலும் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுத்தான் அவர் ட்ரில் வாங்கக் கிளம்பினார்.

சுவர் கோணல் என்று தீர்ப்பாகிவிட்டதால், மேடாக இருந்த பக்கம் கொஞ்சம் கொத்தி எடுத்தால் நேராகிவிடும் என்று கணக்குப் போட்டார். உளியை வைத்து ஒரு தட்டு தட்டினார். பூச்சு உதிர்ந்தது. இன்னொரு தட்டு. செங்கல் தெரிந்தது. உற்சாகம் வந்துவிட்டது. மூன்றாவது தட்டில் சுவர் அவர் முகத்தில் தண்ணீரைப் பீய்ச்சியது.

"அப்பா குளிக்கிறார்," என்று மகள் போய் அம்மாவிடம் சொன்னாள்.

அவர் உள்ளங்கையால் ஓட்டையைப் பொத்தினார். விரல் சந்து வழியாக வந்தது. துண்டை அடைத்தார். துண்டு வழியாக வந்தது. மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்து மூடுவதற்குள், கீழ்வீட்டு ரிட்டையர்டு டீச்சர் மாடி ஏறி வந்துவிட்டார். கண்ணாடியில் சொட்டு சொட்டாகத் தண்ணீர்.

"தம்பி, எங்க வீட்டுக் கூரையில ஈரமா ஒரு வட்டம் வந்திருக்கு. அது உங்களுதா?"

"சின்ன வேலைதான் டீச்சர். அரை மணியில முடிஞ்சிடும்."

"முடிஞ்சிடும்னு எனக்கும் தெரியுது," என்றார் டீச்சர், கூரை ஞாபகத்தில்.

பழைய சைக்கிள் டியூபைக் கிழித்துக் குழாய்மேல் சுற்றி, கம்பியால் முறுக்கி, அதன்மேல் சிமெண்டை அப்பினார். ஒழுகல் நின்று கசிவானது. அதை வெற்றி என்று எடுத்துக்கொண்டார். ஆனால் சுவரில் வாயைப் பிளந்துகொண்டு நின்ற பள்ளத்தை என்ன செய்வது? ஹாலில் இருந்த பீரோவைத் தள்ளிக்கொண்டு வந்து அதன் முன்னால் நிறுத்தினார்.

"இப்ப எங்க இருக்கு ஓட்டை? சொல்லு பாப்போம்," என்றார் மகளிடம்.

"பீரோவுக்குப் பின்னாடி," என்றாள் அவள். குழந்தைகளிடம் இந்த மாதிரிக் கேள்வியெல்லாம் கேட்கக் கூடாது.

பள்ளம் மறைந்தது. கூடவே கதவு பாதிதான் திறந்தது; பாதியில் பீரோவில் இடித்தது. மனைவி வந்து பார்த்தாள். நேராக நுழைந்து பார்த்தாள், பக்கவாட்டில் நுழைந்து பார்த்தாள். பக்கவாட்டில்தான் இன்னும் மோசம்.

"நான் நுழைய முடியாத ரூமுக்குள்ள குழந்தையை எப்படிங்க படுக்கவைக்கிறது? தூக்கிப் போடணுமா?"

"அவசரப்படாதே. கதவு உள்பக்கம் திறக்குறதுதான் பிரச்சினை. கதவு மாட்டினவன் சரியில்லை. வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாத்திடறேன்."

"ஆள் கூப்பிடலாமா?"

"எதுக்கு? கீலைக் கழட்டி மாட்டத் தெரியாதா எனக்கு?"

தெரியவில்லை. இருந்தாலும் மத்தியானம் முழுக்கப் போராடி மாட்டினார். கதவு இப்போது வெளிப்பக்கம், குறுகலான நடைக்குள் திறந்தது. அந்த நடையில் பக்கத்திலேயே பாத்ரூம் கதவு இருக்கிறது, அதுவும் வெளிப்பக்கம் திறக்கும் என்பது அவருக்குத் தெரியாத விஷயமல்ல. தினமும் போகிற இடம்தான். கையில் ஸ்க்ரூ டிரைவர் வந்ததும் மறந்துபோயிற்று.

கதவை ஆசையாக முழுசும் திறந்தார். அது பாத்ரூம் கதவுமேல் கச்சிதமாகப் போய்ப் படிந்தது. கீழ் விளிம்பு தரை ஓட்டில் சிக்கி அசையாமல் நின்றது.

"ஏங்க," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ம்."

"நான் பாத்ரூம்ல இருக்கேன்."

"சரி."

"வெளிய வரணும்."

"வாயேன்."

"கதவு திறந்தாத்தானே வர முடியும்."

அவர் கதவைப் பிடித்து இழுத்தார். உதைத்தார். கெஞ்சவும் செய்தார். உள்ளே நிறைமாதக்காரி, வெளியே இந்த மேதை.

"மூச்சு முட்டுதா?" என்று பதறினார்.

"மூச்சு முட்டலை. ஆத்திரம்தான் முட்டுது."

கடைசியில் சுத்தியலால் கீல்களை அடித்துப் பெயர்த்தார். கதவு விழுந்தது. அவர் கால்மேல்தான் விழுந்தது என்பதைச் சொல்லாவிட்டாலும் நீங்களே ஊகித்திருப்பீர்கள். மனைவி அவரைத் தாண்டி, கதவையும் தாண்டி நடந்துபோய், பையில் துணி எடுத்து வைக்க ஆரம்பித்தாள்.

"நானும் பாப்பாவும் அக்கா வீட்டுக்குப் போறோம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எல்லாருமா வந்து பாக்கறோம். அப்பவும் இப்படியே இருந்தா, குழந்தை அங்கதான்."

கோபமாகச் சொல்லியிருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். போகும்போது மகள் அவர் முதுகைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள். சட்டையைக் கழற்றும்போதுதான் முதுகில் சிவப்பு ஸ்டிக்கர் இருந்தது தெரிந்தது.

வீடு வெறிச்சென்று இருந்தது. கட்டை விரல் வீங்கியிருந்தது. பீரோவுக்குப் பின்னால் சொட்டுச் சத்தம் கேட்டது. அவர் அந்த அறையின் தரையில் உட்கார்ந்து, சகலை வீட்டுத் தொட்டிலில் தன் இரண்டாவது குழந்தையும் சொகுசாகத் தூங்குவதை நினைத்துப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. சுண்ணாம்புத் தூசி என்று சொல்லிக்கொண்டார். அதைக் கேட்கத்தான் வீட்டில் யாரும் இல்லை. பிறகு நொண்டிக்கொண்டே எழுந்துபோய், ஃபிரிட்ஜ் கதவில் இருந்த சீட்டின் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்தார்.

தச்சர் மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார். பருத்த ஆள், வந்ததிலிருந்து கொட்டாவி விட்டுக்கொண்டே இருந்தார். பின்னால் இன்னொருவர்.

"இவர் பைப் வேலை பாக்கறவர்," என்றார் தச்சர்.

"நான் பைப் பத்தி ஒண்ணும் சொல்லலியே?"

"வழக்கமா பைப்ல போய்த்தான் சார் முடியும்."

தர ஆய்வாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இதோ பாருங்க, ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள முடியணும். நீங்க வந்துட்டுப் போனது வீட்ல யாருக்கும் தெரியக் கூடாது."

"தெரியாது சார்," என்று இன்னொரு கொட்டாவி விட்டார் தச்சர்.

குழாய் சரியானது. பள்ளம் பூசப்பட்டது. கதவு பழையபடி உள்பக்கம் திறந்தது, பீரோ ஹாலுக்குப் போனது. அறுத்து இழைத்துக் கொண்டுவந்திருந்த பலகைகளைத் தச்சர் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினார். அலமாரியும் தொட்டிலும் இம்மியும் பிசகாமல் அந்த மூலையில் உட்கார்ந்தன. அறையைப் பார்க்காமலே அளவு எப்படிச் சரியாக வந்தது என்று ஒரு தர ஆய்வாளருக்குக் கேட்கத் தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை. அவர் தச்சரின் ரசமட்டத்தை எடுத்துப் பலகைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். குமிழி நட்டநடுவில் நின்றது. சுவர் கோணல் இல்லை. அந்த ஒரு விஷயம்தான் அவருக்கு வருத்தமாக இருந்தது.

ஞாயிறு சாயங்காலம் எல்லாரும் வந்தார்கள். மனைவி, மகள், மனைவியின் அக்கா, கடைசியாக சகலை.

மனைவி தொட்டிலைத் தொட்டுப் பார்த்தாள். "அழகா இருக்குங்க," என்றாள். அவள் கண்ணும் லேசாகக் கலங்கியது. "குழந்தையோட நேரா இங்கதான் வருவேன்."

அதைக் கேட்டதும் அவருக்கு நெஞ்சு நிறைந்துபோனது. நிறைந்ததோடு நிறுத்தியிருக்கலாம். அலமாரியை விரல் முட்டியால் தட்டினார்.

"நானே செஞ்சது. தட்டிப் பாருங்க சகலை."

மகள் பொம்மைக் காரைப் பலகைமேல் வைத்தாள். நகரவில்லை. "இது ஓடலியே, அப்பா," என்றாள் ஏமாற்றமாக.

சகலை தட்டிப் பார்த்தார். குனிந்தார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு பலகைக்கு அடியில் கைவிட்டுத் தடவினார். மூலைக்கு வந்ததும் விரல் நின்றது. முகம் வெளுத்தது.

தர ஆய்வாளரும் குனிந்து அதே மூலையைத் தடவினார். உருண்டையாக, வழுவழுவென்று ஒரு மரமுளை. எத்தனையோ விருந்தில் மேசைக்கடியில் தடவிப் பழகிய அதே முளை.

இரண்டு சகலைகளும் குனிந்தபடியே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நல்ல கை," என்றார் சகலை மெதுவாக.

"உங்களுதும்தான்," என்றார் இவர்.

இனி ஆயுசுக்கும் ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். பல வருஷமாக இல்லாத பாசம் அந்த நிமிஷத்தில் வந்துவிட்டது.

அப்போது காலிங் பெல் அடித்தது. மனைவி போய்க் கதவைத் திறந்தாள். வாசலில் தச்சர்.

"ரசமட்டத்தை வச்சுட்டுப் போயிட்டேன்," என்றார்.

தர ஆய்வாளர் சகலையின் பின்னால் ஒளியப் பார்த்தார். சகலை இவர் பின்னால் ஒளியப் பார்த்தார். அக்காவும் தங்கையும் எந்த ஆச்சரியமும் இல்லாமல் தச்சருக்கு நாற்காலி போட்டார்கள்.

தச்சர் உட்கார்ந்து, ஒரு கொட்டாவி விட்டு, மனைவியைப் பார்த்துச் சொன்னார்: "நீங்க அளவு குடுத்ததும் பலகையை அறுத்து வச்சுட்டு, ஃபோன் எப்ப வரும்னு காத்துக் கெடந்தேன்மா, உங்க வீட்டுக்காரர் பரவால்ல, பைப் வரைக்கும் போயிட்டாரு, உங்க அக்கா வீட்டுக்காரர் மொத ஆணியிலயே கூப்பிட்டுட்டாரு."