கை தூக்கினால் குருவி பறக்கும்

சுனாமி வந்துபோன மறு வருஷம் புதுச்சேரியில் எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டே நடக்க ஆரம்பித்தார்கள். பாதிச் சாக்கடைக்கு மூடி இல்லாத ஊரில் இது எவ்வளவு ஆபத்தான பழக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை. கடல் பொங்கப் போவது பறவைகளுக்கு முன்பே தெரிந்துவிட்டதாம். நமக்கு எடுத்துச் சொல்லத்தான் அவற்றுக்கு வாய் இல்லையாம். அந்தக் குறையைத் தீர்க்க ஒருவர் அவதரித்திருந்தார். பெயர் பட்சி சித்தர்.

அவதாரத்துக்கு முன்னால் அவர் பிரேம்குமார். தவளக்குப்பம் சந்திப்பில் குடை ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். அப்போது மழை எப்போது வரும் என்றுகூட அவருக்குத் தெரியாது.

முதலியார்பேட்டையில் துணி மில்லுக்குப் பின்னால் ஒரு மைதானம், அதன் ஓரத்தில் நாலு தூங்குமூஞ்சி மரங்கள். பனிக்காலத்தில் சூறைக்குருவிகள் வடக்கே எங்கிருந்தோ ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும். கறுப்புத் தலை, ரோஜா நிற வயிறு, மைனா சாதி. பகலெல்லாம் வயலில் மேய்ந்துவிட்டுப் பொழுது சாயும்போது அந்த மரங்களில் வந்து அடையும். அதற்குக் கீழேதான் சித்தர் மேடை போட்டார். தினமும் சாயங்காலம் கண்ணை மூடுவார். சிஷ்யன் உடுக்கை அடிப்பான், இன்னொரு சிஷ்யன் கற்பூரத் தட்டோடு நிற்பான். சித்தர் வலது கையைத் தூக்குவார். தூக்கிய மாத்திரத்தில் மரத்தில் ஒரு குருவி பாக்கியில்லாமல் எழும்பும். எழும்பிய கூட்டம் வானத்தில் சுருளும், விரியும், நெளியும். குடம் மாதிரி தெரிந்தால் நல்லது. பாம்பு மாதிரி தெரிந்தால் கெட்டது. தெரிந்தது குடமா பாம்பா என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் சித்தருக்கு மட்டும்.

கூட்டம் அலைமோதியது. அரியாங்குப்பத்திலிருந்து பஸ் பிடித்து வந்தார்கள். குருசுக்குப்பத்து மீனவர்கள் கடலில் வலை போடலாமா என்று கேட்டார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து திரும்பிய ஒரு சொல்தா, பாரிசில் தன் பென்ஷனை ஏற்றுவார்களா என்று முதலியார்பேட்டைக் குருவியிடம் விசாரித்தார். எல்லோரும் குருவிக்குக் காணிக்கையாக ஒரு பை சோளம் வைக்க வேண்டும். சோளக் கடை மேடைக்குப் பக்கத்திலேயே இருந்தது; நடத்தியவர் சித்தரின் மச்சான். மேடைக்குப் போன பை, பின்பக்கச் சந்து வழியாகக் கடைக்கே திரும்பி வந்தது. ஒரே பை ஒரே சாயங்காலத்தில் ஒன்பது தடவை விற்பனையானது. குருவிகள் ஒரு மணியைக்கூடக் கண்ணால் பார்க்கவில்லை.

இந்தக் கூட்டத்தில்தான் அரிகிருஷ்ணனும் நின்றார். அதே மில்லில் முப்பது வருஷம் நூற்பில் வேலை பார்த்து, விருப்ப ஓய்வில் வந்து, இப்போது நேரு வீதியில் ஒரு துணிக்கடைக்கு வாட்ச்மேன். மகள் செந்தமிழ்ச்செல்வி நர்ஸ் படிப்பு முடித்தவள். காரைக்காலில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்கு ஆர்டர் வந்திருந்தது. திங்கட்கிழமைக்குள் போய்ச் சேராவிட்டால் வேலை வேறொருத்திக்குப் போய்விடும். காரைக்கால் கடலோரமாயிற்றே என்று மனைவி தனக்கொடி குருவியிடம் கேட்டாள். பாம்பு. அரிகிருஷ்ணனுடையது மேஸ்திரி கை காட்டினால் நகர்ந்து நகர்ந்தே பழகிய உடம்பு. சித்தர் கை தூக்கியதும் அதுவும் அடங்கிப்போனது. மகள் வீட்டுக்குள் ஆர்டரை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

புதன்கிழமை தனக்கொடி இரண்டாவது தடவை கேட்கப் போனாள். அவரும் போனார். உடுக்கை அதிர்ந்தது. சித்தர் கையைத் தூக்கினார். குருவிகள் எழும்பின. ஊரே அண்ணாந்து ஆவென்று நின்ற அந்த நேரத்தில் அரிகிருஷ்ணன் குனிந்து தன் கையைப் பார்த்தார். கையில் பீடி இருந்தது. அதைச் சட்டைப் பையிலிருந்து எப்போது எடுத்தோம் என்று அவருக்கு ஞாபகமே இல்லை.

பக்கத்தில் பார்த்தார். பழைய சாயப் பட்டறைக்காரர் ஒருவர் தீக்குச்சி உரசிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் தறிக்காரர் இரண்டு பேர். மைதானம் முழுக்க, எண்ணினால் பதினோரு பழைய மில் ஆட்கள், ஒரே நேரத்தில் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை.

வேலை விட்டால் பீடி. வேலை விடுவது ஐந்தரை மணிச் சங்குக்கு. அப்படியானால் மில் சங்கு இப்போது ஊதியிருக்கிறது. அரிகிருஷ்ணனுக்குக் காதில் விழவில்லை, கைக்கு விழுந்துவிட்டது. பிறந்ததிலிருந்து கேட்ட சங்கை அந்த ஊரில் யார் கேட்கிறார்கள்? கேட்பதற்கு வெளியூர்க் காது வேண்டும். குருவிகள் வெளியூர்.

அன்றைக்கும் பாம்புதான் என்று சித்தர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து அரிகிருஷ்ணன் சங்கு விஷயத்தை மகளிடம் மெதுவாகச் சொன்னார். பல நாளுக்குப் பிறகு அவள் சிரித்தாள்.

“குருவிக்குத் தலைவரே கெடையாதுப்பா. பக்கத்துல இருக்கிறது திரும்பிச்சின்னா இதுவும் திரும்பும். ஒண்ணு பயந்தா எல்லாம் பறக்கும். அவ்ளோதான்.”

“அப்போ நாங்க பீடி பத்தவச்சதும் அதே கதைதான்,” என்றார் அரிகிருஷ்ணன்.

மறுநாள் காலை டீக்கடையில் சாமிக்கண்ணுவைப் பிடித்தார். மில்லில் சங்கு ஊதுவது சாமிக்கண்ணுதான். ஓய்வுக்கு இன்னும் இரண்டு மாதம். சனிக்கிழமை ஒரே ஒரு நாள் பத்து நிமிஷம் தாமதமாக ஊத வேண்டும் என்று கேட்டதும் அந்த மனிதர் டீயைக் கீழே வைத்துவிட்டார். இத்தனை வருஷத்தில் ஒரு நிமிஷம் தவறாதவர். செந்தமிழ்ச்செல்வியின் ஆர்டர் விவரத்தைச் சொன்ன பிறகுதான் இளகினார்.

“கடியாரம் நின்னு போச்சின்னு சொல்லிக்கிறேன். ஆனா ஒரு தடவதான்,” என்றார்.

சனிக்கிழமை தனக்கொடி மகளையும் கூட்டிக்கொண்டு மூன்றாவது பை சோளத்தோடு மேடைக்கு முன்னால் நின்றாள். பை அவளுக்கு ஏற்கெனவே பழக்கமானதாகத் தெரிந்தது. மூலையில் அதே மஞ்சள் கறை. உடுக்கை முழங்கியது. சிஷ்யன் கற்பூரத் தட்டை லேசாகச் சாய்த்து அடியில் பார்த்துவிட்டுக் கனைத்தான். சித்தர் கையைத் தூக்கினார்.

குருவிகள் இறகு கோதிக்கொண்டிருந்தன.

“பட்சி தியானத்துல இருக்குது,” என்றார் சித்தர். இரண்டு நிமிஷம் போயிற்று. இடது கையையும் தூக்கினார். ஒரு குருவி அவர் ஜடாமுடியில் எச்சமிட்டது. கூட்டம் அதை ஆசீர்வாதம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஐந்து நிமிஷம். சிஷ்யர்கள் ஆளுக்கொரு முழங்கையைத் தாங்கிப் பிடித்தார்கள். கூட்டத்தில் யாரோ பாவம் செய்தவர் இருக்கிறார் என்று அறிவிப்பு வந்தது. பாவம் செய்தவர்கள் ஐம்பது பேர் பயந்துபோய் வெளியேறினார்கள். அப்போதும் குருவி அசையவில்லை. ஒன்பதாவது நிமிஷம் சித்தருக்குத் தோள் விட்டுப்போயிற்று. கையை இறக்கி, ஒரு கோலி சோடாவை வாங்கி வாயில் வைத்தார்.

சங்கு ஊதியது.

அத்தனை குருவியும் ஒரே வீச்சில் எழும்பின. சித்தருக்குச் சோடா மூக்கில் ஏறியது. மைதானத்தில் பதினோரு தீக்குச்சிகள் பற்றிக்கொண்டன.

அரிகிருஷ்ணன் மேடையில் ஏறினார். “சித்தரே, உங்க கை கீழ இருக்குது, குருவி மேல போயிடுச்சி. உத்தரவு குடுத்தது யாரு?” என்று கேட்டார். சிஷ்யனிடமிருந்து தட்டைப் பிடுங்கித் திருப்பினார். அடியில் ரப்பர் பட்டை போட்டு ஒரு கைக்கடிகாரம் கட்டியிருந்தது. சங்கையும் பீடியையும் பற்றிச் சொன்னார். நாளைக்கு ஊர் சொல்லும் நேரத்துக்குச் சித்தர் கை தூக்கட்டும், குருவி பறந்தால் நானே அவருக்குச் சோளம் சுமக்கிறேன் என்றார். பதில் சொல்லச் சித்தர் இல்லை. சோளப் பை போகும் சந்து வழியாக அவரும் போயிருந்தார்.

ஒருவன் சந்துப் பக்கம் ஓடினான். உடனே எல்லோரும் ஓடினார்கள். செருப்பு கழன்று விழ, அதை எடுக்க அவன் திரும்பினான். எல்லோரும் திரும்பினார்கள். மேலே குருவிகளும் அதையேதான் செய்துகொண்டிருந்தன, ஆனால் கொஞ்சம் அழகாக.

தனக்கொடி மட்டும் நின்ற இடத்தில் நின்றாள். “அப்போ அந்தப் பாம்பு?” என்று கேட்டாள். கேட்டுவிட்டு, மகள் பதில் சொல்வதற்குள் மஞ்சள் கறை படிந்த அந்தப் பையை ஒரு தடவை பார்த்தாள். பிறகு பதில் தேவைப்படவில்லை.

திங்கட்கிழமை விடிந்ததும் காரைக்கால் பஸ்ஸடியில் மூவரும் நின்றார்கள். தனக்கொடி பழக்கதோஷத்தில் அண்ணாந்தாள். ஒரு காக்கை போயிற்று. தலையைக் குனிந்து பஸ்ஸின் பெயர்ப் பலகையைப் படித்தாள். “நேரமாச்சி, ஏறு,” என்றாள் மகளிடம். அரிகிருஷ்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். சந்தோஷம்தான்.

அங்கிருந்து நேராகச் சாமிக்கண்ணுவுக்கு நன்றி சொல்ல மில்லுக்குப் போனார். வாசலில் கூட்டம். கையில் மாலை, தேங்காய், கற்பூரம். குருவியையே ஆட்டிவைக்கும் சங்கு, நம் தலையெழுத்தை மாற்றாதா என்று கும்பிட வந்திருந்தார்கள். சொல்தாவும் பென்ஷன் புத்தகத்தோடு வரிசையில் நின்றார். சாமிக்கண்ணு கேட்டுக்கு உள்ளே தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

அரிகிருஷ்ணன் அவர்களைப் பார்த்துச் சொன்னார்: “பக்கத்துக் குருவியைப் பார்த்துப் பறக்கலன்னா குருவியைப் பருந்து தூக்கிடும். அதனால அது பறக்குது. நீங்க பக்கத்து ஆளைப் பார்த்து, சித்தர் மாதிரி பருந்துகிட்டயே நேரா வரிசைல போய் நிக்கிறீங்களே. அந்தக் குருவிக்கு இருக்கிற புத்தியாவது வேணாமா?”