தமிழ்க் கணினி வலைத் திறப்பு விழா

தமிழை அழியாமல் காப்பதற்கென்றே பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் தமிழ்க் காப்பு மன்றம் இயங்கிவந்தது. தொண்ணூறுகளின் நடுவில் அங்கே இரண்டு கணினிகள் இருந்தன. இரண்டும் ஒன்றோடொன்று பேசுவதில்லை. அவற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த இருவருமே பேசிக்கொள்வதில்லை என்பதால் இதை யாரும் ஒரு குறையாக நினைக்கவில்லை.

பத்திரிகைப் பிரிவு ரமணியிடம் இருந்தது மெக்கிண்டாஷ். உறுப்பினர் பிரிவு வேலாயுதத்திடம் இருந்தது சாதாரண பீசி. ரமணி கட்டுரையை ஃபிளாப்பி வட்டில் போட்டுக் கொடுத்தால், வேலாயுதத்தின் பெட்டி அதை விழுங்கிவிட்டு உள்ளே ஒன்றுமே இல்லை என்று சாதிக்கும். ஆகவே அங்கே தட்டியதை இங்கே மறுபடி தட்டுவார்கள். மன்றத்தின் ஆண்டறிக்கையில் இது 'சரிபார்ப்புப் பணி' என்று குறிப்பிடப்பட்டது.

குமாஸ்தா கார்த்திகேசு பெட்டாலிங் ஜெயா ஹோட்டலொன்றில் நடந்த கருத்தரங்குக்குப் போய் ஓசிப் பை ஒன்றோடும், 'நெட்வொர்க்' என்ற சொல்லோடும் திரும்பினார். பையைவிடச் சொல் கனமாக இருந்தது. தலைவர் டத்தோ காசிவிஸ்வநாதனிடம் உடனே இறக்கிவைத்தார்.

“ரெண்டு கம்ப்யூட்டரையும் பேச வைக்கலாம் டத்தோ.”

“வைச்சுக் காட்டு. பெரிய விழாவா எடுத்துடுவோம். நல்லா ஓடுச்சுன்னா நீதான் நிர்வாக அதிகாரி, அந்த ஏர்கோன் ரூம் உனக்கு. மானம் போச்சுன்னா கிள்ளான் கிளை ஸ்டோருக்கு ஆள் தேடிக்கிட்டிருக்கோம்.”

கார்த்திகேசுவின் மேசை கழிவறைக் கதவை ஒட்டி இருந்தது. வருகிறவர்களெல்லாம் அவரிடம் கேட்கும் ஒரே அலுவலகக் கேள்வி, “உள்ள ஆள் இருக்கா?” என்பதுதான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே அவருக்குத் தலை நரைத்துவிட்டது. ஆகவே அந்தக் குளுகுளு ஏர்கோன் அறை அவருக்கு உயிர். சுங்கை பூலோவில் மாமியார் வீட்டில் பதவி வந்துவிட்டதாகவே சொல்லியும் வைத்துவிட்டார்.

வயர் போட லிம் என்பவர் காலையில் வந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குள் “சுடா சியாப், பாஸ்” என்று வேலை முடிந்ததை மலாயில் சொல்லி, கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார். மன்றத்தில் எந்த வேலையும் அவ்வளவு சீக்கிரம் முடிந்து பழக்கமில்லாததால், ஆள் ஏமாற்றுகிறார் என்றே எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

சோதித்துப் பார்க்க, ரமணி 'வணக்கத்துக்குரிய தலைவர் அவர்களே' என்று தட்டி அனுப்பினாள். போய்ச் சேர்ந்தது. ஆனால் வேலாயுதத்தின் திரையில் டாலர் குறிகளும் நட்சத்திரங்களும் கொக்கிகளுமாக வந்து நின்றன.

வேலாயுதம் கார்த்திகேசுவைப் பார்த்துச் சொன்னார்: “தலைவர்னு வர்ற எடத்துல டாலர் டாலரா வருது. அவரத் தெரிஞ்சவங்க இதத் தப்புன்னு சொல்ல மாட்டாங்க. ஆனா மத்ததெல்லாம் கெட்ட வார்த்தை மாதிரி இருக்கு.”

“அண்ணே, அவரு பெட்டியில கோளாறு. நான் அனுப்புனது சுத்தத் தமிழ்” என்றாள் ரமணி, அவளும் கார்த்திகேசுவையே பார்த்து.

அந்தக் காலத்தில் கணினித் தமிழ் எழுத்தை, அதாவது ஃபான்ட்டை, ஆளுக்கு ஆள் சொந்தமாகச் செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் 'அ' வைத்த இடத்தில் இன்னொருவர் 'ஞ' வைப்பார். ரமணியுடைய எழுத்து அவளுடைய ஆசிரியர் செய்தது. வேலாயுதத்துடையது கிள்ளானில் இருக்கும் அவர் மச்சான் செய்தது. யாராவது ஒருவர் மற்றவர் எழுத்துக்கு மாறினால் விஷயம் முடிந்துவிடும்.

“மாத்திட்டு மச்சான் மூஞ்சில எப்படி முழிக்கிறது? அடுத்த மாசம் அவன் வீட்டுல காதுகுத்து லா.”

“எங்க வாத்தியாரோட 'ழ'வைப் பாருங்கண்ணே. அந்த 'ழ'வை விட்டுட்டுப் போகச் சொல்றீங்களா?”

எனவே முறைப்படி எழுத்து ஒற்றுமைக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. நடுநிலையாளர் என்ற முறையில் கார்த்திகேசு தலைமை தாங்கினார். இரு தரப்பையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, நடுநிலையோடு பார்த்தால் இரண்டுமே சரியில்லை என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்து ஒரு வட்டை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரே உட்கார்ந்து செய்த எழுத்து அது. மனைவியின் பெயரையே வைத்து அதைச் 'சிவகாமி' என்று அழைத்தார். உடனே பொருளாளர், தன் அக்காள் மகனும் ஒன்று செய்திருப்பதாகத் தெரிவித்தார். கூட்டத்துக்கு வாங்கிய வடை ஆறுவதற்குள், ஒற்றுமைக்கு முன்பு இரண்டாக இருந்த எழுத்து ஒற்றுமைக்குப் பின்பு நான்காயிற்று.

விழாவுக்கு முதல் நாள் டத்தோ கூப்பிட்டுவிட்டார். கார்த்திகேசுவுக்குக் கிள்ளான் ஸ்டோரின் வாடை மூக்கில் அடித்தது.

“நாளைக்கு ஓடுமா?”

“ஒரே ஒரு தடைதான் டத்தோ. நல்லா ஆராய்ஞ்சு பார்த்துட்டோம். நம்ம தமிழ் வலையில பிரச்சினை பண்றது தமிழ் எழுத்துதான்.”

“அத எடுத்துட்டா?”

“ஜோரா ஓடும். இங்கிலீஷ்ல என்ன தட்டினாலும் அப்படியே போய்ச் சேருது.”

“அப்புறம் என்னப்பா, எடுத்துடு. ஒரு எழுத்துக்காகத் தமிழை நிறுத்த முடியுமா?”

மறுநாள் மாடியில் கால் வைக்க இடமில்லை. இரண்டு கணினிக்கும் மாலை, டத்தோவுக்குப் பொன்னாடை. கடவுள் வாழ்த்து முடிந்ததும் டத்தோ ரமணியின் பெட்டியில் ஒரு விசையைத் தட்டினார். மறுகணம் வேலாயுதத்தின் திரையில், 'தமிழ் வாழ்க' என்று ஆங்கிலத்தில் பளிச்சென்று வந்தது.

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. ரமணியும் வேலாயுதமும், இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். யாருடைய எழுத்தும் தோற்கவில்லை அல்லவா. முன்வரிசையில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கார்த்திகேசுவுக்கு மட்டும் ஒரு கணம் வெட்கமாக இருந்தது. அதற்குள் டத்தோ மேடையிலேயே அவரை நிர்வாக அதிகாரி என்று அறிவித்துவிட்டதால், அந்த வெட்கத்தைத் தொடர அவகாசம் கிடைக்கவில்லை.

விருந்தின்போது செமினியிலிருந்து வந்திருந்த ஒரு சங்கத் தலைவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சார், உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. எங்க சங்கத்துலயும் இந்த மாதிரி தமிழ வளர்க்கணும். எதுலருந்து ஆரம்பிக்கிறது?”

நிர்வாக அதிகாரி கார்த்திகேசு சற்று யோசித்து, மனமாரச் சொன்னார்:

“மொதல்ல உங்க ஆளுங்களுக்கு இங்கிலீஷ் கிளாஸ் வைங்க.”