தாடையைத் தாங்கும் கை

நடுநிலையாளர் என்றொரு இனம் உண்டு. எந்தக் கூட்டத்திலும் அவரைக் கண்டுபிடிப்பது சுலபம். வலது கை தாடையைத் தாங்கியிருக்கும். தலை மெதுவாக ஆடும். ஆமாம் என்று ஆடுகிறதா, இல்லை என்று ஆடுகிறதா என்பது அந்தத் தலைக்கே தெரியாது. "ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு" என்பார். எந்த இரண்டு பக்கம்? கேட்காதீர்கள். சண்டை தொடங்கும் முன்பே சொல்லிவிடுவார்.

இவரைத் தேடி நான் அலையவில்லை. தினமும் பல் தேய்க்கும்போது கண்ணாடியில் பார்க்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். என் மாமா ஒரு கட்சி, எதிர்வீட்டுத் தையல்காரர் எதிர்க்கட்சி. இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. இவர்களைச் சேர்த்துவைக்கவே பிறந்தவன் நான் என்று நம்பி, தெருவுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கி, அரசியல் கூடாது, கிண்டல் கூடாது, கோபப்படும் பொம்மை கூடாது என்று விதிக்கு மேல் விதி போட்டதில், கடைசியில் 'காலை வணக்கம்' மட்டும் மிஞ்சியது. அதிலும் பூவின் நிறம் எந்தக் கட்சி என்று தகராறு.

அப்போதுதான் தெருமுனை பஸ் நிறுத்தத்தை நடைமேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் மாற்றப்போவதாகச் சொன்னார்கள். கருத்துக் கேட்க ஒரு கூட்டமும் வைத்தார்கள். அம்மா ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் வேலைக்குத் தெருமுனையில்தான் பஸ் ஏறுகிறாள். அவள் முழங்காலுக்குப் பாலத்துப் படி ஆகாது.

"எனக்கு அன்னைக்கு வேலை இருக்கு. படிச்ச புள்ள, நீ போய் ஒரு கையத் தூக்கிட்டு வாடா" என்றாள்.

கூட்டத்தில் இடப்பக்கம் மாமா ஆட்கள், வலப்பக்கம் தையல்காரர் ஆட்கள். நான் நடுவில், தூணோரம்.

"நிறுத்தம் இப்ப இருக்கற இடத்துலயே இருக்கணும்ங்கறவங்க கை தூக்குங்க" என்றார் அதிகாரி.

மாமா தூக்கினார். இப்போது தூக்கினால் மாமா கட்சி என்றாகிவிடுமே? பொறுத்தேன். தையல்காரரும் தூக்கினார்.

"நீர் எதுக்கய்யா தூக்கறீர்?"

"உமக்காகவா தூக்கினேன்? எனக்கும் மூட்டு இருக்குய்யா!"

இந்த இருவரும் ஒன்றாகக் கை தூக்குகிறார்கள் என்றால் இதில் ஏதோ சூழ்ச்சி இருக்க வேண்டும். ஆழ்ந்து யோசிக்க வேண்டிய விஷயம். என் கை தாடைக்குப் போனது.

அடுத்து, நிறுத்தம் தங்கள் பக்கம் வரட்டும் என்ற பாலத்துக்கு அந்தப் பக்கத்துக்காரர்களின் கைகளையும் அதிகாரி எண்ணி முடித்தார். "ரெண்டு பக்கமும் சமம். அப்ப திட்டப்படி மாத்திட வேண்டியதுதான்."

சமம்! வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம்தான் அம்மாவின் முழங்கால் ஞாபகம் வந்தது.

மாமாவும் தையல்காரரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

"என்ன மாப்ள, கை சுளுக்கா?"

"படிச்ச கைங்க. சட்டுனு எழும்பாது."

இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். ஆக, அவர்களை நான் சேர்த்துவைத்துவிட்டேன். இப்போது காலையில் ஆளுக்கொரு பக்கமாக அம்மாவைப் பாலமேற்றிவிடுகிறார்கள், படிக்குப் படி அரசியல் சண்டை போட்டுக்கொண்டே. மறுகூட்டம் கேட்டு வாங்கியிருப்பதும் அவர்கள்தான்.

"இந்தத் தடவை லீவு போட்டு நானே போறேன். நீ வீட்ல துணியை மடி" என்றுவிட்டாள் அம்மா.

இதைப் படித்துவிட்டு, 'பாவம், பையன் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கு' என்று நினைக்கிறீர்களா? நல்லது. அசையாமல் அப்படியே இருங்கள். உங்கள் வலது கை இப்போது எங்கே இருக்கிறது?